டிஸ்ட்ரோகிட், சிடி பேபி, பேண்ட்கேம்ப்: சொந்தப் பாட்டை எங்கே ஏற்றுவது?

பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பதிவு முடிந்து, மிக்ஸிங்கும் முடிந்து கோப்பு கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "எதுல போட்டா ஓடும்?" எதில் போட்டாலும் தானாக ஓடாது. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்கள் தனி ஆளிடம் நேரடியாகப் பாட்டை வாங்குவதில்லை. நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். அது கோப்பையும் விவரங்களையும் தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பணம் வந்தால் வாங்கித் தரும். டிஸ்ட்ரோகிட்டும் சிடி பேபியும் அப்படிப்பட்டவை; பேண்ட்கேம்ப் கேட்பவருக்கே நேராகப் பாட்டை விற்க உதவும் தளம். ஒரு நல்ல தபால்காரரிடம் எதிர்பார்ப்பதை மட்டும் இவர்களிடம் எதிர்பார்த்தால் மூன்று சேவையுமே நம்பி இறங்கக்கூடியவைதான். எது யாருக்கு ஒத்துவரும், எங்கே இடறும் என்பதுதான் இந்த மதிப்புரை.

முதலில் காசுக் கணக்கு. டிஸ்ட்ரோகிட் 2013-இல் வந்தது. ஆண்டுச் சந்தா முறை. ஆரம்பத் திட்டம் 25 டாலர் அளவில். எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம், ஸ்ட்ரீமிங் வருமானத்தில் பங்கு கேட்பதில்லை. சிடி பேபி 1998 முதல் இருக்கிறது. ஒரு தனிப்பாட்டு வெளியீட்டுக்கு ஒருமுறை 10 டாலர் அளவில் கட்டினால் போதும். அதற்குப் பிறகு வரும் வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். (டியூன்கோர் என்ற இன்னொரு விநியோக நிறுவனத்துக்கு 2020 முதல் இந்தியப் பிரிவு உண்டு. அதுவும் ஆண்டுச் சந்தா முறைதான் என்பதால், டிஸ்ட்ரோகிட் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.)

25 டாலர் என்பது 278 டாலரின் 9 சதவீதம். ஏற்கெனவே ஏற்றிய பாட்டுகளால் ஆண்டுக்கு 278 டாலருக்குக் கீழே வருகிறதென்றால், சந்தாவைவிட 9 சதவீதம் கொடுப்பதே மலிவு. புதுப் பாட்டைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று வெளியீடு வந்ததுமே சந்தா லாபம்போலத் தெரியும். ஆனால் டிஸ்ட்ரோகிட்டின் ஆரம்பத் திட்டத்தில் வெளியீட்டுத் தேதியை நாமே குறிக்க முடியாது. தேதி கையில் இல்லாவிட்டால், பிளேலிஸ்ட்களைத் தொகுக்கும் ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்கு முன்கூட்டியே பாட்டைப் பரிந்துரைப்பதும் கையில் இல்லை. தேதி வேண்டுமென்றால் அடுத்த திட்டத்துக்குப் போக வேண்டும். விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அப்போது ஆண்டுக்கு நான்கு வெளியீடு வரை சிடி பேபியே சிக்கனம். ஐந்தைத் தாண்டினால் டிஸ்ட்ரோகிட்.

இதெல்லாம் எழுதுகிற ஆண்டுகளின் கணக்கு. பாட்டெழுதுபவருக்கு எழுதாத ஆண்டுகளும் வரும். வேலை மாறும், குழந்தை பிறக்கும், மனம் வராது. சந்தா நின்றால் டிஸ்ட்ரோகிட் பாட்டுகளைத் தளங்களிலிருந்து இறக்கிவிடும். இறங்காமல் இருக்க 'லீவ் எ லெகஸி' என்று தனிக் கட்டணம் உண்டு: தனிப்பாட்டுக்கு 29 டாலர், ஆல்பத்துக்கு 49. அதைக் கட்டுவதானால் கணக்கு மறுபடியும் சிடி பேபி பக்கம் சாயும். பணத்தைவிட முக்கியமான ஒன்றும் இதில் இருக்கிறது. சந்தா கட்டியிருக்கிறோமே என்பதற்காகவே, இன்னும் இரண்டு மாதம் கிடந்து ஊற வேண்டிய பாட்டை ஏற்றிவிடும் பழக்கம் வரும். 'அளவில்லாமல் ஏற்றலாம்' என்பது வசதிதான். ஆனால் சரணம் இன்னும் உட்காராத பாட்டுக்கு அது நல்லதே செய்யாது. வெளியீடு ஒவ்வொன்றுக்கும் காசு கட்டும்போது, அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை பாடிப் பார்க்கத் தோன்றும். மெதுவாக எழுதுபவர்களுக்கு சிடி பேபியை நாங்கள் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

சந்தா முறையில் இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2021 அக்டோபர் முதல், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் கூடுதல் சரிபார்ப்பு விதி இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கிப் புதுப்பிப்பு இதனால் தோற்றுப்போவது சாதாரணம். அறிவிப்பு மின்னஞ்சல் விளம்பரங்களுக்கிடையே புதைந்துவிடும். திடீரென்று ஒருநாள் பாட்டைக் காணோம் என்று நண்பர் சொல்லித்தான் தெரியவரும். புதுப்பிக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்னதாக நாள்காட்டியில் குறித்து, உள்ளே போய்க் கையால் கட்டிவிடுங்கள்.

ஏற்றும் படிவத்தில் எங்கே தடுக்கும்

கோப்பு விஷயம் எளிது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட் வேவ் கோப்பு; அட்டைப்படம் சதுரமாக 3000 × 3000 பிக்சல், ஆர்ஜிபி நிறமுறையில். படத்தின்மேல் தொலைபேசி எண், இணைய முகவரி, யூடியூப் சின்னம் எதுவும் கூடாது. இருந்தால் திரும்பி வரும். மாஸ்டரிங்கில் சத்தத்தை அழுத்தித் தள்ளிப் பயனில்லை. ஸ்பாட்டிஃபை பொதுவாக எல்லாவற்றையும் -14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். -8-இல் நசுக்கிய பாட்டு அங்கே தணிந்துதான் ஒலிக்கும். மிருதங்கத்தின் தொப்பிக்கும் வலந்தலைக்கும் இடையே இருந்த வித்தியாசம் போனது போனதுதான். உச்சத்தை -1 டெசிபலுக்குக் கீழே நிறுத்துங்கள்.

தமிழர்களுக்குப் பெரிய தொல்லை பெயரில்தான். படிவம் பாடலாசிரியரின் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நமக்கு இருப்பது இனிஷியலும் பெயரும். ஒரு பாட்டில் 'கே. முருகன்', அடுத்ததில் 'முருகன் கே', மூன்றாவதில் அப்பா பெயரை விரித்து எழுதினால், உரிமைத்தொகைப் பதிவுகளில் மூவரும் மூன்று ஆட்கள். பான் அட்டையில் என்ன எழுத்துக்கூட்டலோ அதையே எல்லா இடத்திலும் போடுங்கள்: விநியோகஸ்தர், ஐ.பி.ஆர்.எஸ். (வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிய தொகையை வசூலிக்கும் இந்திய அமைப்பு), வரிப் படிவம், வங்கிக் கணக்கு. மேடைப் பெயர் வேறாக இருக்கலாம். அதற்குக் கலைஞர் பெயர் என்று தனிக் கட்டம் உண்டு. அந்தக் கலைஞர் பெயர் 'கார்த்திக்' போலப் பரவலானதாக இருந்தால், முதல் வெளியீடு வேறொருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதுப் பக்கம் வேண்டும் என்று ஏற்றும்போதே குறியுங்கள். இரண்டாம் பாட்டிலிருந்து உங்கள் பக்கத்தின் முகவரியை ஒட்டுங்கள்.

தலைப்பை ரோமன் எழுத்தில் எழுதும்போது ழகரம் படுத்தும். 'மழை'யை எல் போட்டு எழுதினால் அது மலையாகவும் படிக்கப்படும், மாலையாகவும் படிக்கப்படும். இசட்-எச் போட்டால் தேடுகிறவர்களில் பாதிப்பேர் அப்படித் தட்டச்சு செய்யமாட்டார்கள். தமிழ் எழுத்தையும் ரோமன் எழுத்தையும் ஒரே தலைப்பில் சேர்த்துப் போட்டால் திரும்பி வர வாய்ப்பு உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாப் பாட்டுக்கும் அதே முறையில் நில்லுங்கள்.

ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து எண் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும். அதை மறக்காமல் எழுதி வையுங்கள். நாளை விநியோகஸ்தரை மாற்ற நேர்ந்தால், அதே எண், அதே கோப்பு, அதே தலைப்பு, அதே பெயர்களோடு புதிய இடத்தில் ஏற்றி, அது தளத்தில் வந்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் பழையதை இறக்க வேண்டும். முதலில் இறக்கிவிட்டு, புது எண்ணில் ஏற்றினால் சேர்த்த ஸ்ட்ரீம் எண்ணிக்கையும் பிளேலிஸ்ட் இடங்களும் போய்விடும். நீளத்தைக் குறைத்த பதிப்பு, கரோக்கி, நேரடிப் பதிவு ஆகியவை வேறு ஒலிப்பதிவுகள்; அவற்றுக்குத் தனி எண்.

உங்கள் ஒலி இருக்கும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூப் கன்டென்ட் ஐடியை எல்லாப் பாட்டுக்கும் போட்டுவிடாதீர்கள். டிஸ்ட்ரோகிட்டில் இதற்குத் தனிக் கட்டணமும், வருமானத்தில் 20 சதவீதமும் உண்டு. சிக்கல் காசில் இல்லை. லூப் நூலகத்திலிருந்து எடுத்த தபலா, வாடகைக்கு வாங்கிய பீட், செயலியில் ஓடவிட்ட தம்புரா சுருதி போன்றவை உங்கள் பாட்டில் தனியாகக் கேட்கும் இடம் இருந்தால், அதே ஒலியைப் பயன்படுத்திய இன்னொருவரின் வீடியோவில் உங்கள் பெயரில் உரிமைகோரல் போய் விழும். அவர் மறுப்பார், உங்கள் கணக்குக்குக் கறுப்புப்புள்ளி. முழுக்க நீங்களே வாசித்துப் பதிந்த பாட்டுக்கு மட்டும் போடுங்கள். பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை. புது மெட்டில் தாராளமாக வெளியிடலாம். பாடலாசிரியர் கட்டத்தில் அவர் பெயரையே எழுதுங்கள், மெட்டு மட்டும் உங்களுடையது.

விநியோகஸ்தர் வாங்கித் தருவது ஒலிப்பதிவுக்கான பங்கை மட்டுமே. வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிய தொகை வேறு வழியில் வரும். அதற்கு ஐ.பி.ஆர்.எஸ். உறுப்பினராக வேண்டும். 1969-இல் தொடங்கிய அமைப்பு. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 2017-இல் மீண்டும் முறைப்படி பதிவுபெற்றது. உறுப்பினர் ஆனால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு அங்கே பதிய வேண்டும். அதனால் பாட்டை ஏற்றுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, ஒலிப்பதிவுக்குச் செலவழித்தவர் யார், பாடகருக்கு ஒருமுறைச் சம்பளமா பங்கா. பாட்டு கவனம் பெற்ற பிறகு நண்பர்களுக்குள் இந்தப் பேச்சை எடுப்பது மிகவும் கஷ்டம்.

விநியோகஸ்தர் அமெரிக்க நிறுவனம் என்பதால் டபிள்யூ-8 பென் என்ற அமெரிக்க வரிப் படிவம் கேட்கும். இந்தியாவில் வசிப்பவர் பான் எண்ணைக் கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறித்தால், அமெரிக்காவிலிருந்து வரும் உரிமைத்தொகையில் 30-க்குப் பதில் 15 சதவீதம் பிடிப்பார்கள். காலியாக விட்டால் 30. கையெழுத்திட்ட ஆண்டுக்கு அடுத்த மூன்றாவது ஆண்டின் முடிவுவரை படிவம் செல்லும்.

எண்கள் வரும் திரை

ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ், அதாவது பாட்டின் கணக்கைக் கலைஞருக்குக் காட்டும் தளம், இலவசம். பாட்டுக்காரரின் மனதை அதிகம் அசைப்பது விநியோகஸ்தர் அல்ல, இந்தத் திரைதான்.

முதலில் அதன் நல்ல பயன். வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே இங்கே பாட்டைப் பரிந்துரைத்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் பட்டியலில் அது போய்ச் சேரும். விநியோகஸ்தரிடமிருந்து பாட்டு போய்ச் சேர நாளாகும் என்பதால், நான்கு வாரம் முன்னதாக ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் பரிந்துரைக்க முடியும். விளக்கத்துக்கு 500 எழுத்து. 'மனதைத் தொடும் பாடல், கண்டிப்பாக ஹிட்' என்று எழுதி அந்த 500-ஐ வீணாக்காதீர்கள். ஆர்மோனியமும் பறையும், திருநெல்வேலி வட்டாரப் பேச்சு, செங்கல் சூளை வேலையைப் பற்றிய வரிகள், மெதுவான ஆறெட்டுத் தாளம் என்பதுபோல, கேட்காமலே பாட்டை ஊகிக்கும்படி எழுதுங்கள். இடம் கிடைக்கும் என்று உத்தரவாதம் எதுவும் இல்லை.

பாட்டு வெளியான முதல் வாரம் எண்ணிக்கை உடனுக்குடன் ஏறுவதைத் திரை காட்டும். இந்த நொடியில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதுகூடத் தெரியும். இரவு பதினொரு மணிக்கு அதில் '2' என்று நின்றால், அந்த இரண்டில் ஒன்று நம்முடைய கைப்பேசிதான் என்பதும் தெரியும். பதினேழு முறை புதுப்பித்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது. 30 விநாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் எட்டாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை கிடையாது. எட்டினாலும் ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று நிலையான விலை இல்லை. வசூலான தொகையில் உங்கள் பங்கு ஸ்ட்ரீம் எவ்வளவோ அதற்கேற்பப் பிரியும். இதெல்லாம் தெரிந்த பிறகு அடுத்த பாட்டை எழுத உட்காரும்போது பேனா முனையில் அந்த 30 விநாடி வந்து நிற்கும்.

தொகையறாவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு விநாடி சுருதி, பிறகு தாளம் இல்லாமல் நான்கு வரி, ஏறக்குறைய 40 விநாடி. பல்லவி வருவது 48-ஆம் விநாடியில். ஸ்ட்ரீம் கணக்கின்படி தபலா விழுவதற்கு முன்பே தேர்வு முடிந்துவிடுகிறது. யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் நிலைக்கும் கோடு அந்த இடத்தில் சரிவதைப் பார்த்ததும், "தொகையறாவத் தூக்கிடலாம், ஹுக்க, அதான் காதுல ஒட்டுற வரிய, முன்னாடி வச்சிடலாம்" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அவசர முடிவு. எந்த வீடியோவின் கோடும் முதல் அரை நிமிடத்தில் சரியும். தொகையறா இல்லாத உங்கள் இன்னொரு பாட்டின் கோட்டை அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி சரிந்தால் குற்றம் தொகையறாவில் இல்லை. அந்த நான்கு வரியில் சொன்னதைப் பல்லவி மறுபடி சொல்கிறதென்றால் தாராளமாக வெட்டுங்கள். பல்லவியின் முதல் சொல் தாளத்தில் வந்து விழும்போது கிடைக்கும் நிம்மதி அந்த 40 விநாடிக் காத்திருப்பால்தான் வருகிறதென்றால், கையை வைக்காதீர்கள். சின்னப் பதிப்பு கட்டாயம் வேண்டுமென்றால் தனி ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணில் இன்னொன்றாக வெளியிடலாம், முழுப் பாட்டு அப்படியே இருக்கட்டும்.

நிறையப் பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாட்டு காதுக்காகத்தான். 'எனக்கு எண்ணிக்கை பற்றிக் கவலையே இல்லை' என்று சொல்லிக்கொண்டு விவரங்களைக் கோட்டைவிடுவதும் பாட்டுக்குச் செய்யும் துரோகம்தான். எண்களில் பயன்படும் எண்கள் உண்டு. கேட்டவர்களில் எத்தனை பேர் சேமித்தார்கள் என்று பாருங்கள். ஸ்ட்ரீம்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள்: கேட்பவரின் சொந்தப் பட்டியலிலிருந்து வந்தால் திரும்ப வந்து கேட்கிறார்கள், ஏதோ ஒரு பின்னணி இசைப் பட்டியலிலிருந்து மட்டும் கொட்டி, சேமிப்பு ஒன்றும் இல்லையென்றால் யாரும் பாட்டைக் கேட்கவில்லை, அது அவர்களைக் கடந்துபோகிறது. ஊர்ப் பட்டியல் உண்மையிலேயே உதவும். கோயம்புத்தூரும் கோலாலம்பூரும் தொடர்ந்து மேலே இருந்தால் அடுத்த கச்சேரியை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும். ஆனால் இரண்டாம் சரணத்தின் மூன்றாம் வரி சப்பென்று இருப்பதை எந்தத் திரையும் சொல்லாது. பத்துப் பேர் முன்னால் பாடினால் அந்த வரியில் கண்கள் விலகுவது தெரியும். முதல் வாரம் திரையைத் திறக்காமல் விட்டு, 28 நாள் கழித்து ஒருமுறை பார்த்தால் மேலே சொன்ன மூன்றும் தெளிவாகவே தெரியும்.

'பத்தாயிரம் ஸ்ட்ரீம் உத்தரவாதம்' என்று இன்ஸ்டாகிராமில் வரும் செய்திகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். செயற்கை ஸ்ட்ரீம் என்று கண்டுபிடித்தால் எண்ணிக்கையைக் கழித்துவிடுவார்கள். மிகையாக இருந்தால் ஸ்பாட்டிஃபை விநியோகஸ்தருக்குப் பாட்டுவாரியாக அபராதம் விதிக்கும். அது உங்கள் தலையில் இறங்கலாம், பாட்டும் போகலாம். விநியோகஸ்தரிடம் முறையிட்டுப் பதில் வாங்குவதும் எளிதில்லை, பெரும்பாலும் ஆயத்தப் பதில்தான் வரும். பாட்டை ஸ்பாட்டிஃபை கூடுதலாகப் பரிந்துரைக்கும் டிஸ்கவரி மோடும் அவசரத்துக்கு வேண்டாம்: முன்பணம் இல்லை, ஆனால் அந்த வழியில் வரும் ஸ்ட்ரீம்களின் உரிமைத்தொகையில் 30 சதவீதம் போய்விடும்.

பேண்ட்கேம்ப்

இது வேறு இனம். 2008-இல் தொடங்கியது. 2022-இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் வாங்கியது, அடுத்த ஆண்டே இசை உரிம நிறுவனமான சாங்டிரேடருக்குக் கைமாறியபோது ஊழியர்களில் பாதிப்பேர் வேலை இழந்தார்கள். நிறுவனத்தின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படக் காரணம் இருக்கிறது. ஆனாலும் பாட்டெழுதுபவருக்கு இதைப்போல மரியாதை தரும் இடம் வேறில்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

பக்கம் திறக்கக் காசு வேண்டாம். விலையை நீங்களே வைக்கலாம். விரும்பியதைக் கொடுக்கட்டும் என்றும் விடலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் அவர்களுக்கு, பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்குச் சேர்வதாக அவர்கள் சொல்கிறார்கள். பேண்ட்கேம்ப் வெள்ளி என்று அறிவிக்கும் நாட்களில் தங்கள் பங்கையும் விட்டுக்கொடுப்பார்கள். 2020 மார்ச்சில் தொடங்கிய வழக்கம் அது. ஒரே ஒருவர் 5 டாலருக்கு வாங்கினால்கூடக் கணக்கில் பணம் வரும். 1000 என்ற வாசற்படி இங்கே கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் வரிகளை ஏற்ற இடம் உண்டு, தமிழ் எழுத்திலேயே போடலாம். யார் எந்த வாத்தியம் வாசித்தார், எந்த வீட்டு மாடியில் பதிந்தது என்றெல்லாம் பழைய ரெக்கார்டு உறையில் எழுதியதுபோல எழுதலாம். அதைப் படித்துவிட்டு வாங்குகிறவர் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்பார். தொகையறாவையும் சேர்த்துத்தான்.

கேட்பவர்கள் தானாக வந்து விழும் இடம் அல்ல இது. தேடல் பலவீனம், தமிழுக்கென்று கூட்டமும் குறைவு. நீங்கள்தான் கச்சேரியில், வாட்ஸாப்பில் இணைப்பைக் கொடுக்க வேண்டும். அதனால் எங்கள் பரிந்துரை, மூன்று நான்கு பாட்டு சேர்ந்ததும் முதலில் பேண்ட்கேம்பில் வெளியிட்டு, ஒரு மாதம் கழித்து சிடி பேபி வழியாக மற்றத் தளங்களுக்கு அனுப்புவது. காத்திருந்து வாங்குகிறவர்கள் அந்த ஒரு மாதத்தில் வாங்கிவிடுவார்கள். ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் வெளியிடும் குழுவாக இருந்தால் சிடி பேபிக்குப் பதில் டிஸ்ட்ரோகிட்.

பணம் பேபால் வழியாக வரும் என்பதால் கணக்கை முன்பே திறந்து பான் எண்ணையும் வங்கிக் கணக்கையும் இணைத்து வையுங்கள். வாங்குபவர் பக்கம் இன்னொன்று. 2020-க்குப் பிறகு தரப்படும் இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை அணைத்தே வரும். வாங்க ஆசைப்பட்டு, கார்டு மறுக்கப்பட்டதும் விட்டுப்போகிறவர்கள் உண்டு. இணைப்பை அனுப்பும்போது கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "வங்கிச் செயலியில் இன்டர்நேஷனல் ஆன்லைன் பேமென்ட்டை ஆன் பண்ணிட்டு வாங்குங்க, வாங்கினதும் ஆஃப் பண்ணிடலாம்."